இரண்டாவது நூலின் நிறம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தா என் வீட்டுக்கு வந்திருந்தார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அரசாங்கப் பரிசோதனைக் கூடத்தில் உணவுப் பிரிவில் இருப்பவர். அவர் உள்ளே வந்து சில மாதங்களில் நான் வெளியே வந்துவிட்டேன். கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி வைத்திருந்தார்.

“சார், இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

மூடியைத் திறந்து முகர்ந்தேன். மிளகாய் வாசனை வந்தது, ஆனால் மூக்கில் ஏறவில்லை. விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன். காரமில்லை. கொஞ்சம் இனிப்பு.

“பாப்ரிகா,” என்றேன்.

“கரெக்ட் லா! நான் ஏமாந்துட்டேன் சார். ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடையில மிளகாய்த்தூள்னு நெனச்சு வாங்கிட்டு வந்து மீன் குழம்புல போட்டுட்டேன். பாக்க அப்படிச் சிவப்பு. சாப்பிட்டா ஒன்னுமே இல்ல. ‘இது குழம்பா, வார்னிஷா’ன்னு எங்கம்மா கேட்டாங்க.”

சிரித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார். பரிசோதனைக் கூடத்துக்குப் புதுக் கருவி ஒன்று வந்திருக்கிறதாம். கரைசலை உள்ளே வைத்தால் என்ன சாயம் என்று காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிடுகிறதாம். “நீங்கள்லாம் கம்பளி நூலை வேக வச்சு சாயம் கண்டுபிடிப்பீங்கன்னு சொன்னா, புதுசா வந்த பசங்க நம்ப மாட்டேங்கிறாங்க சார். எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன்.”

செய்முறையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அதை ஏன் அத்தனை பிடிவாதமாகச் செய்தோம் என்பது அந்தப் பக்கத்தில் இல்லை. அதைச் சொல்வதற்குச் சொர்ணம் அக்காவின் மிளகாய்த்தூளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உலகச் சண்டை முடிந்து சில வருடங்கள் கழித்து, செம்பவாங் கப்பல் பட்டறையில் சாமான் கிடங்கு வேலையை விட்டுவிட்டு பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் ஆளாகச் சேர்ந்தேன். கழுவிய குழாயின் உட்புறத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் அது அழுக்கு, ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முதல் வருடம் கற்றது இது மட்டும்தான். பிறகு தராசு, பிறகு வடிகட்டுதல். ஐம்பதுகள் முடியும் சமயத்தில் உணவுப் பிரிவில் உதவியாளனாக இருந்தேன். பால், தேங்காயெண்ணெய், தேயிலை, மசாலாத்தூள் எல்லாம் எங்கள் மேசைக்கு வரும்.

பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் லூர்துசாமி. காத்தோங்கில் வீடு. கத்தோலிக்கர். ஞாயிறு பூசையை அவர் தவறவிட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. என்னைவிட இரண்டொரு வயது இளையவர், ஆனாலும் கழுத்து டையும் அடக்கமான குரலும் அவரைப் பெரியவராகக் காட்டின. அவருடைய பிரிவில் ‘கலப்படம்’ என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. ஒருமுறை ஒரு பால் மாதிரியைப் பார்த்து, “சார், சுத்தமான கலப்படம்,” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“ராமையா, தண்ணி இருக்கா, இல்லையா? இருந்தா எவ்வளவு? அத மட்டும் சொல்லுங்க. கலப்படமா இல்லையான்னு கோர்ட்டு சொல்லும். அதுக்குத்தான் அவங்களுக்குச் சம்பளம்.”

நிறம் பார்ப்பதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நூலை வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் வைத்து, வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோவார். மின்விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவே மாட்டார். பிரிவில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராக அழைப்பார். என்ன நிறம் என்று அவர் காதில் மட்டும் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னது அடுத்தவருக்குக் கேட்கக் கூடாது. எல்லாரும் சொன்ன பிறகுதான் தன் கண்ணால் பார்ப்பார். “நான் முதல்ல இளஞ்சிவப்புன்னு சொன்னா, உங்க எல்லாருக்கும் இளஞ்சிவப்பாத்தான் தெரியும்,” என்பார். அது பொய்யில்லை.

இனி நூல் விஷயம். மிளகாயின் இயற்கையான சிவப்பு எண்ணெயில் இறங்கும், தண்ணீரில் இறங்காது. தாளிக்கும்போது எண்ணெய் சிவப்பதும், மிளகாய் ஊறிய தண்ணீர் அப்படிச் சிவக்காமல் இருப்பதும் சமைக்கிற எல்லாரும் பார்த்ததுதான். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் செயற்கைச் சாயங்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. தண்ணீரில் இறங்கும், கம்பளியைப் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளைக் கம்பளி நூலை முதலில் காரநீரில் அலசி அதிலுள்ள கொழுப்பைப் போக்க வேண்டும். தூளைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, அந்த நீரில் துளி அமிலம் விட்டு, நூலைப் போட்டுக் கொதிக்க விட வேண்டும். நூலில் நிறம் ஏறினால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. இயற்கை நிறம்கூட முதல் நூலில் கொஞ்சம் ஒட்டும். அந்த நூலை நன்றாக அலசி, அம்மோனியா கலந்த நீரில் சூடாக்கி, ஏறிய நிறத்தை மறுபடி நீருக்கே இறக்க வேண்டும். முதல் நூலை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த நீரைத் திரும்ப அமிலமாக்கி, புதிதாக இரண்டாவது நூலைப் போட வேண்டும். இயற்கை நிறம் இந்த இரண்டாவது பயணத்தைத் தாங்காது. செயற்கைச் சாயம் தாங்கும். அதனால் எங்களுக்கு இரண்டாவது நூல்தான் சாட்சி. முதல் நூலைப் பார்த்து யார் வாய் திறந்தாலும் லூர்துசாமி காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

சொர்ணம் அக்காவின் அரவை மில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. கணவர் இறந்த பிறகு மில்லைத் தானே நடத்தினார். அந்த வட்டாரத்துப் பெண்கள் வீட்டில் காயவைத்த மல்லியும் மிளகாயும் கொண்டுவந்து அரைத்துப் போவார்கள். அது அன்றாட வேலை. அதைத் தவிர அவரிடம் வேறொரு சரக்கும் இருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் அதிகாரிகள் சாப்பிடும் கூடத்துக்குச் சாமான் எடுத்துப் போகும் கோபால் என்ற சப்ளையர் ஒருநாள் அவரிடம் வந்து கேட்டிருக்கிறார். “அக்கா, வெள்ளக்காரனுக்கு மிளகாயோட கலர் வேணும், மிளகாய் வேணாம். முடியுமா?” சீமையிலிருந்து வரும் பாப்ரிகா டின்கள் சரியாக வந்து சேராத காலம்.

அக்கா முடியும் என்றார். தோல் சுருங்கிய நீள மிளகாயை வாங்கினார். காரம் குறைவு, நிறம் அதிகம். மில் வாசல் நடைபாதையில் நாலைந்து பெண்களை உட்காரவைத்து, ஒவ்வொரு மிளகாயையும் நகத்தால் கீறி, விதையையும் உள்ளே இருக்கும் வெளுத்த நரம்பையும் எடுக்கச் சொன்னார். காரம் அந்த நரம்பில்தான் இருக்கிறது. கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. மிஞ்சுகிற தோலை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் போட்டு, மில்லை மெதுவாக ஓடவிட்டு அரைப்பார். வேகமாக ஓடினால் சூட்டில் தூள் கறுத்துவிடும். சலித்து, பிஸ்கட் டின்களில் நிரப்பி, வெள்ளிக்கிழமை மதியம் கோபாலின் வண்டியில் ஏற்றுவார். அந்தப் பெண்களில் பலருக்கு வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த வேலையால்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புகார் வந்தது. அதிகாரிகள் சாப்பாட்டுக் கூடத்தில், நறுக்கிய முட்டையின் மேல் இந்தத் தூளைத் தூவி வைத்திருந்தார்கள். பரிமாறும் நேரத்தில் முட்டையின் வெள்ளையில் ரோஜா நிறம் இறங்கியிருந்தது. மிளகாய்த் தோலின் சிவப்பு அப்படி இறங்காது. சமையற்காரர் கோபாலைக் கேட்டார். கோபால் பயந்துபோய்ச் சுகாதார அலுவலகத்தில் தானே சொல்லிவிட்டார். டான் என்ற சீன இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளிக்கிழமை மில்லுக்குப் போய், அன்று நிரப்பி வைத்திருந்த டின்களில் ஒன்றிலிருந்து மாதிரி எடுத்தார்.

மாதிரியை மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்று எங்களுக்கு. ஒன்று இன்ஸ்பெக்டரிடம் இருக்கும். மூன்றாவது, மாதிரி யாரிடம் எடுக்கப்பட்டதோ அவருக்கு. மூன்றையும் புட்டியில் போட்டு, பழுப்புத்தாளில் சுற்றி, அரக்கு முத்திரை வைப்பார்கள். எங்கள் முடிவை அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் தன் பங்கைக் கொடுத்து மறுபடி சோதிக்கச் சொல்லலாம்.

எங்களுக்கு வந்த பங்கை நான்தான் சோதித்தேன். முதல் நூல் சிவந்தது. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது நூலை வெள்ளை ஓட்டில் வைத்து லூர்துசாமி வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோனார். ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னோம். கடைசியில் அவர் பார்த்தார்.

“எல்லாரும் ஒரே நிறத்தச் சொல்லியிருக்கீங்க. இளஞ்சிவப்பு. சாயம் இருக்கு.”

அறிக்கை போயிற்று. மில்லில் இருந்த மற்ற டின்களை முத்திரை வைத்து முடக்கினார்கள். கோபால் சரக்கு எடுப்பதை நிறுத்தினார். வழக்குப் போட்டால் லைசென்ஸ் போகும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அக்கா, தன் பங்கைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்குக் கடைத்தெரு மலாய் மட்டும் தெரியும். அதனால் லூர்துசாமி என்னையும் கூடப் போகச் சொன்னார்.

நாங்கள் போன சமயம் மில் ஓடவில்லை. பெண்கள் நடைபாதையில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். கோபாலும் வந்திருந்தார். அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“தம்பி தமிழா? அப்ப நல்லதாப் போச்சு. இவரு ‘சாயம், சாயம்’னு மலாய்ல சொல்றாரு. எனக்கு மலாய்ல பதில் சொல்லத் தெரியும், சத்தியம் பண்ணத் தெரியாது.”

நான் ஏதும் சொல்வதற்குள் சாமி படத்துக்கு முன்னால் ஒரு கற்பூரத்தை ஏற்றினார். “என் கையால இந்தத் தூளுல மிளகாயத் தவிர வேற எதுவும் விழுந்ததில்ல. விழுந்திருந்தா இந்தக் கை விளங்காமப் போகட்டும்.” உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார்.

நடைபாதைப் பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபால் தலையைக் குனிந்துகொண்டார். டான் என்னைப் பார்த்து, “அப்பா டியா சாக்காப்?” என்று மலாயில் கேட்டார், என்ன சொல்கிறார் என்று. நான் மொழிபெயர்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அக்கா சாமி அலமாரியிலிருந்து தன் பங்குப் புட்டியை இரண்டு கையாலும் எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். அரக்கு முத்திரை உடையவில்லை. ஆனால் அரக்கின் மேல் ஒரு சந்தனப் பொட்டும், அதன் மேல் குங்குமமும் இருந்தன. ஈரச் சந்தனத்தில் நனைந்த குங்குமம் கசிந்து, பழுப்புத்தாளில் ஓர் இளஞ்சிவப்பு வளையம் படர்ந்திருந்தது.

“அக்கா, இதுக்கு ஏன் பொட்டு வச்சீங்க?”

“புதுசா ஒன்னு வீட்டுக்கு வந்தா வைக்காம இருப்பமா தம்பி? அதுவும் நம்மளக் காப்பாத்த வந்த சாமான்.”

அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தலையை நிமிர்த்தி மில்லைச் சுற்றிப் பார்த்தேன். அரவை இயந்திரத்தின் வாயில் பொட்டு. தராசில் பொட்டு. சல்லடை விளிம்பில் பொட்டு. முடக்கி வைத்திருந்த டின்களின் வாய் விளிம்பில், மூடிக்குக் கீழே, வழிந்து காய்ந்த பொட்டு. பிறந்ததிலிருந்து கடையிலும் வண்டியிலும் பார்த்துப் பழகிய பொட்டு. அதனால்தான் உள்ளே நுழைந்தபோது என் கண்ணில் அது படவே இல்லை. கடையில் வாங்கும் குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் மட்டும் இருப்பதில்லை, செயற்கைச் சாயமும் இருக்கும் என்பது அந்த மேசையில் வேலை செய்தவனுக்குத் தெரியும்.

அதை அவரிடம் சொல்லவில்லை. அந்தப் புட்டியால் இனி அவருக்குப் பயன் இல்லை என்பதை மட்டும், தாள் கறைபட்டுவிட்டதால் சட்டப்படி ஏற்கமாட்டார்கள் என்று சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. “பொட்டு வச்சதுக்கா?” என்று ஒருமுறை மட்டும் கேட்டார்.

லூர்துசாமியிடம் நடந்ததைச் சொன்னேன். நீண்ட நேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

“சார், தெரியாம நடந்ததுன்னு அறிக்கையில ஒரு வரி சேர்த்தா...”

“தெரியாம நடந்தத எந்த டெஸ்ட் டியூப்ல பாத்தீங்க, ராமையா?”

பேனாவை மேசைமேல் வைத்தார்.

“பொட்டு எப்படி வைப்பாங்க? விளிம்புல வச்சா உள்ள எப்படிப் போகும்? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, தெரியும்னு நெனச்சுக்கிறீங்க. போய்ப் பாப்போம்.”

அவர் மேசையை விட்டு வெளியே போய் நான் பார்த்ததில்லை. மறுநாள் டானோடு மூவரும் போனோம். கழுத்து டையோடு அவர் மில் வாசலில் கால் வைத்ததும் தும்மல் பிடித்துக்கொண்டது. அடுக்கடுக்காகத் தும்மினார். குப்பம்மா என்ற பெண், விதை எடுக்கும் கூட்டத்தில் வாய்த்துடுக்கு அவருக்குத்தான், சத்தமாகச் சொன்னார்: “ஐயாவுக்கு நூலு எதுக்கு, மூக்கே போதும் லா. சாயத்துக்கு யாராச்சும் தும்முவாங்களா?” பல நாளாகச் சிரிக்காத பெண்கள் சிரித்தார்கள். லூர்துசாமியும் கைக்குட்டைக்குள் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு அக்காவிடம் கேட்டார். “அம்மா, டின்னுக்கு எப்படிப் பொட்டு வைப்பீங்க? ஒருதடவ வச்சுக் காட்டுங்க.”

அக்கா அவரை நேராகப் பார்த்தார். “இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லங்க.”

“சும்மா, எப்படின்னு தெரிஞ்சுக்கத்தான்.”

“சும்மா காட்டறதுக்குச் சாமி காரியம் பண்ண மாட்டேங்க. லைசென்சப் புடுங்கினாலும் சரி.”

நான் பதறிப்போனேன். அக்காவைத் தனியே அழைத்துப் புரியவைக்கலாம் என்று ஓரடி வைத்தேன். லூர்துசாமி கையால் என்னை நிறுத்தினார்.

“அவங்க சொல்றது சரி,” என்றார். “எங்க சாமியார்கிட்ட போய், சும்மா ஒரு பூசை வச்சுக் காட்டுங்கன்னு நான் கேப்பேனா? வெள்ளிக்கிழமை வர்றோம்மா.”

வெள்ளிக்கிழமை காலை போனோம். லூர்துசாமி நடைபாதையிலேயே காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றினார். டானும் கழற்றினார். அக்கா குளித்து, ஈரத்தலையில் துண்டு சுற்றியிருந்தார். வழக்கில் அகப்படாத வேறு டின்கள் சில, வட்டாரத்துக் கடைகளுக்காக நிரப்பியவை, வரிசையாக மூடி திறந்து நின்றன. வாசனைக்காகவும் சூடு ஆறுவதற்காகவும் பூசை முடியும்வரை மூட மாட்டார்களாம். விளக்கேற்றினார். சாம்பிராணி போட்டார். இயந்திரத்துக்கு, தராசுக்கு, சல்லடைக்கு என்று வைத்துக்கொண்டு டின்களிடம் வந்தார்.

முதல் டின். விளிம்பின் வெளிப்பக்கம் மோதிர விரலால் சந்தனம். பிறகு குங்குமக் கிண்ணத்தில் விரலை அழுத்தி எடுத்து, சந்தனத்தின் மேல் ஒற்றினார். விரலில் மிஞ்சியிருந்ததைக் கட்டைவிரலால் தட்டிவிட்டார். தட்டிய இடம் டின்னின் வாய்க்கு நேர் மேலே. சிவப்பின் மேல் சிவப்பு விழுந்தது. எங்கே விழுந்தது என்று எங்கள் யாராலும் பார்க்க முடியவில்லை.

லூர்துசாமி குனிந்து டின்னின் வாயையே பார்த்தார்.

இரண்டாவது டின். சந்தனம், குங்குமம், தட்டல். மூன்றாவது டின்னுக்கு விரலைக் கிண்ணத்திலிருந்து எடுத்தவர் அப்படியே நின்றார். நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் தான் பார்க்காத தன் கையை அன்று அவர் பார்த்தார். எங்கள் கண் எங்கே இருந்ததோ அங்கே அவர் கண்ணும் போயிற்று. விரலைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார்.

“தம்பி,” என்று என்னைத்தான் கூப்பிட்டார். “நான் சத்தியம் பண்ணிட்டேனே.”

கற்பூரத்தை அணைத்த அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். லைசென்ஸ் பற்றி அவர் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

லூர்துசாமி காத்திருந்தார். அவராக எழுந்து, மிச்சப் பூசையை முடித்து, விளக்கை நமஸ்கரித்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார். டான் முடக்கிய டின்களின் முத்திரையை உடைத்தார். ஒவ்வொரு டின்னிலும் மேலாக ஒரு மாதிரி, நீண்ட குழாயை இறக்கி நடுவிலிருந்து ஒரு மாதிரி. கிண்ணத்துக் குங்குமத்தில் கொஞ்சம். எல்லாவற்றையும் மூன்று பங்காக்கி முத்திரை வைத்தோம். அக்காவின் பங்கை நான் கொடுத்தபோது, “இதுக்குப் பொட்டு வைக்காதீங்கக்கா,” என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நடுவிலிருந்து எடுத்தவற்றில் இரண்டாவது நூல் வெள்ளையாகவே வந்தது. மேலாக எடுத்தவற்றில் இளஞ்சிவப்பு. பிறகு அந்த நூல்களிலிருந்து இறக்கிய நிறத்தையும் குங்குமத்தின் நிறத்தையும் ஒரே வடிதாளில் அருகருகே புள்ளி வைத்து, அடியைக் கரைப்பானில் நனைத்துத் தொங்கவிட்டோம். ஈரம் மேலே ஏற ஏறப் புள்ளிகளும் ஏறின. எல்லாம் ஒரே உயரத்தில் போய் நின்றன.

லூர்துசாமி எழுதிய அறிக்கையில் ‘தெரியாமல்’ என்ற சொல் இல்லை. ‘பாவம்’ என்ற சொல்லும் இல்லை. மேல்மட்டத்தில் சாயம் உண்டு, நடுவில் இல்லை, அந்தச் சாயமும் பூசைக் குங்குமத்தின் சாயமும் வடிதாளில் வேறுபடவில்லை, வெள்ளிக்கிழமை வழிபாட்டின்போது குங்குமம் திறந்த டின்களில் விழுவதை மூவர் நேரில் பார்த்தோம். அவ்வளவுதான். படித்துப் பார்த்தபோது, நான் சேர்க்கச் சொன்ன வரியைவிட அது எவ்வளவு பலமானது என்று புரிந்தது. என் வரியை ஒரு வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்திருப்பார். இதை உடைக்க அவருக்கு இடமே இல்லை.

சுகாதார அலுவலகம் வழக்குப் போடவில்லை. எச்சரிக்கை கொடுத்து, மேல்மட்டத்தை எடுத்து அழித்துவிட்டு மிச்சத்தை விற்கலாம் என்று சொன்னது. அதைச் சொல்ல நானும் டானும் போனோம். கோபாலும் வண்டியோடு வந்து நின்றார். அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு குப்பம்மாவைக் கூப்பிட்டு, எல்லா டின்னையும் அடியோடு கொட்டச் சொன்னார்.

கோபால் பதறினார். “அக்கா, நடுவுல சுத்தம்னு கவர்மெண்டே சொல்லிடுச்சு. எதுக்குக் கொட்டணும்?”

“அது கவர்மெண்டு கணக்கு. சத்தியம் பண்ணது நான்.”

அந்தப் பெண்கள் நகம் தேய எடுத்த தோல் அது. அவர்களே அதைச் சாக்கில் கொட்டிக் கட்டினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. கோபால் வெறும் வண்டியோடு திரும்பினார். ஆனால் அடுத்த வாரம் மறுபடி வந்தார். மறுபடி மிளகாய் கீறும் வேலை தொடங்கியது.

சில மாதங்கள் கழித்து டான் முன்னறிவிப்பு இல்லாமல், வேண்டுமென்றே ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போய், டின்னின் மேலிருந்து மாதிரி எடுத்து வந்தார். நான்தான் சோதித்தேன். இரண்டாவது நூலை ஜன்னலுக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொருவராக லூர்துசாமியின் காதில் சொன்னோம். கடைசியில் அவர் பார்த்தார்.

“வெள்ளை,” என்றார். அந்த ஒரு சொல்லை அவர் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சாயம் இல்லாத மாதிரிக்கு உரியவருக்குச் செய்தி சொல்வது எங்கள் வழக்கமில்லை. அறிக்கை அலுவலகத்துக்குப் போகும், அங்கேயே இருக்கும். நான் தயங்கி நிற்பதைப் பார்த்து லூர்துசாமி அறிக்கைக் கோப்பை மூடினார்.

“நீங்க எந்த ரோடு வழியா வீட்டுக்குப் போறீங்கன்னு நான் கேக்கறதில்ல, ராமையா.”

அன்று சாயங்காலம் சிராங்கூன் ரோடு வழியாகப் போனேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்திலும் தராசிலும் சல்லடையிலும் டின்களிலும் ஒரு பொட்டுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து எதிர்ச்சுவரில், தூளுக்கு எட்டாத தூரத்தில், பெரிதாக ஒரே ஒரு பொட்டு இருந்தது.

“வெள்ளை வந்துடுச்சுக்கா,” என்றேன்.

“எது தம்பி?”

“நூலு.”

அவர் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். நான் குடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு, “இனிமே யார் கேட்டாலும் நான் சத்தியம் பண்றதில்ல தம்பி. கேக்கறவங்களுக்குத் தண்ணி குடுப்பேன்,” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரும், அருகில் ஒரு கரண்டியும் இருந்தன. சந்தேகப்படுகிறவர்கள் தாங்களே ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வைத்திருந்தார்.

வசந்தாவிடம் இதைச் சொன்னபோது, “மெஷின் இருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே சார்,” என்றார். சாயம் தெரிந்திருக்கும். கருவி அந்த வெள்ளிக்கிழமைக்குச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு போய் நின்றிருக்காது. அவரிடம் நான் இப்படிச் சொல்லவில்லை. அவர் கொண்டுவந்த பாப்ரிகாவில் ஒரு சிட்டிகையை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு, மேசை மேல் வைத்து, பேசி முடிக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செம்பவாங் தளத்தை வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகப் போகிறார்கள். அதிகாரிகள் கூடத்துக்குப் போகும் டின்கள் ஏற்கெனவே குறைந்துவிட்டன. போன வாரம் மில்லுக்குப் போயிருந்தேன். குப்பம்மா இன்னும் நடைபாதையில்தான், கையில் எண்ணெயோடு. காரம் தாங்காத சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இப்போது அந்தத் தூள் போகிறதாம். நான் நிற்கும்போதே ஓர் இளம்பெண் வந்து, டின்னுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு சிவப்பா இருக்கே, சாயம் போடலைன்னு சத்தியமாச் சொல்லுங்க ஆன்டி,” என்றார்.

சொர்ணம் அக்கா தம்ளரை அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்தப் பெண் கரண்டியால் கொஞ்சம் எடுத்துப் போட்டார். தூள் மேலே மிதந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடியில் இறங்கியது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.